ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாயா?

கணக்கில் எந்தச் சந்தேகமானாலும் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், வந்த கடிதங்களில் பாதி கரண்ட் பில் பற்றியே இருக்கின்றன. மீதி பாதியில் கடன், சமையல், ஒரு பலாப்பழம். எல்லாவற்றுக்கும் ஒரே பாடம்தான் கைகொடுக்கிறது என்பதால் அந்தப் பாடத்தைப் பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. சார்பகம், வீச்சகம், எஃப் ஆஃப் எக்ஸ் என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். "இதெல்லாம் எங்கேம்மா உதவும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, நீங்களாவது சொல்லுங்கள் சார். (ஒரு வாசகி, தென்காசி)

பதில்: பெயரிலேயே இருக்கிறதம்மா. சார்பு. ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெண்டைக்காய் கிலோ 60 ரூபாய் என்றால் முக்கால் கிலோவுக்கு 45 ரூபாய். எடையைச் சொன்னால் விலை ஒன்றே ஒன்றுதான் வரும், அதனால் விலை என்பது எடையின் சார்பு. அதே கடையில் அதே முக்கால் கிலோவை உங்களுக்கு 45 ரூபாய்க்கும் பின்னால் நிற்பவருக்கு 40 ரூபாய்க்கும் கொடுத்தால்? அப்போது விலை எடையை மட்டும் சார்ந்தது இல்லை, பேரம் பேசும் வாயையும் சார்ந்தது. உள்ளே போட வேண்டியது இரண்டு, நீங்கள் ஒன்றைத்தான் போட்டிருக்கிறீர்கள்.

எஃப் ஆஃப் எக்ஸ் என்று எழுதும் வழக்கத்தை 1734இல் தொடங்கிவைத்தவர் ஆய்லர் என்ற சுவிட்சர்லாந்துக் கணித மேதை. அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அது வெறும் சுருக்கெழுத்து. மகளை அதை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பில் ஒன்றை எடுத்து, இந்தத் தொகை எதைச் சார்ந்தது, அது கூடினால் இது எப்படிக் கூடுகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். நேராகக் கூடுகிறதா, வளைந்து கூடுகிறதா, எங்கேயாவது எகிறிக் குதிக்கிறதா? என் அனுபவத்தில் நாம் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வளைவையும் குதியையும் நேர்கோடு என்று நினைத்துக்கொள்கிறோம்.

கேள்வி: போன முறை 490 யூனிட், இந்த முறை 512. 22 யூனிட்தான் கூடுதல். பில்லோ 400 ரூபாய் கிட்ட ஏறிவிட்டது. மீட்டர் தாறுமாறாக ஓடுகிறதா? புகார் கொடுக்கலாமா? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தஞ்சாவூர்)

பதில்: கொடுக்காதீர்கள். மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, குதித்தது கட்டணம்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். அதற்குப் பிறகு யூனிட் விலை ஏறியிருக்கிறது, ஆனால் பில் குதிக்கும் விதம் புரிய இது போதும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை உள்ள வீட்டுக்கு முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் எரித்தவருக்கு 225, 900, 600, ஆக மொத்தம் 1,725 ரூபாய்.

இப்போது 501. ஒரு யூனிட் கூடியதற்கு 8 ரூபாய் சேர்த்து 1,733 வரும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே வேறு. முதல் 100 அங்கேயும் இலவசம்தான், ஆனால் 101 முதல் 400 வரை மொத்தமும் 4.50. அதாவது 2.25க்கு வாங்கிய அந்த நூறு யூனிட்டுக்கும் பின்னோக்கிப் போய் இரட்டை விலை போடுகிறார்கள். 1,350, 600, 8, ஆக மொத்தம் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்!

படமாக வரைந்து பார்த்தால் கோடு சாய்வாக ஏறிக்கொண்டே வந்து 500இல் ஒரு சுவர் மாதிரி செங்குத்தாக நின்றுவிட்டு, அப்புறம் மேலே போய் மறுபடி சாய்வாக ஏறும். இதற்குத் தொடர்ச்சியற்ற சார்பு என்று பெயர். உங்கள் 490ஐயும் 512ஐயும் இதே கணக்கில் போட்டால் 1,665, 2,046, வித்தியாசம் 381. நீங்கள் சொன்ன தொகைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை, மிச்சம் விலை ஏற்றம்.

என்ன செய்யலாம்? நீங்கள் 700 யூனிட் எரிப்பவராக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, சுவரைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டீர்கள். 512 என்றால் நிறையச் செய்யலாம். 2,000 வாட் கீசர் தினமும் அரை மணி ஓடினால் ஒரு யூனிட், இரண்டு மாதத்தில் 60 யூனிட். பதினைந்து நாள் குளிர்ந்த தண்ணீரில் குளித்தாலே 500க்குள் வந்துவிடுவீர்கள். கணக்கெடுக்க வரும் தேதி உங்களுக்குத் தெரியும். அதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரில் இருக்கும் எண்ணில் போன ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள், 400க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் கவனமாக இருங்கள். தஞ்சாவூர் வெயிலில் கீசர் எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வரி போடும் வருமானம் சரியாக 12 லட்சம். இப்போது வருடத்துக்கு 10,000 ரூபாய் ஏற்றித் தருகிறார்கள். "வேண்டாம், 12 லட்சத்தைத் தாண்டினால் அறுபதாயிரம் வரி வந்துவிடும்" என்று பயப்படுகிறார். அதுவும் கரண்ட் பில் மாதிரிதானா? (வாசகி, ஓசூர்)

பதில்: அப்படி இருந்திருக்கும், ஆனால் சட்டம் எழுதியவர்கள் சுவரை இடித்துச் சரிவாக்கிவிட்டார்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி 4 லட்சம் வரை வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். 12 லட்சத்துக்கு இது 60,000 ரூபாய், அதை முழுதாகத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். 12,10,000 என்றால் வழக்கமான கணக்கில் 61,500 வரும். ஆனால் 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வந்ததோ அதைவிட அதிகமாக வரி வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. இரண்டில் எது குறைவோ அதுதான் வரி, ஆக 10,000 ரூபாய். அதன் மேல் 4 சதவீத செஸ், 400 ரூபாய்.

அதனால் உங்கள் வீட்டுக்காரரின் பயம் தப்பு, ஆனால் முழுத் தப்பு இல்லை. ஏறிய பத்தாயிரமும் வரியாகப் போய், கையிலிருந்து இன்னும் 400 போகும். இப்படியே போட்டுக்கொண்டு போனால் உயர்வு சுமார் 74,000 ரூபாயைத் தாண்டிய பிறகுதான் பழைய 12 லட்சத்தைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கைக்கு வருகிறது. இது சம்பளத்திலிருந்து 75,000 ரூபாய் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) போன பிறகு வரும் 12 லட்சம், அதை மறந்துவிடாதீர்கள். உயர்வை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அடுத்த வருட உயர்வு இதன் மேல்தானே வரும்.

கேள்வி: ஒரு டம்ளர் சீரகச் சம்பாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தால் பிரிஞ்சி உதிரி உதிரியாக வருகிறது. மகன் பிறந்தநாளுக்கு எட்டு டம்ளர் போட்டு 16 டம்ளர் ஊற்றினேன். களி. விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள், எனக்குத்தான் அழுகை வந்தது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? (வாசகி, காரைக்குடி)

பதில்: இந்தக் களியை நானும் கிண்டியிருக்கிறேன் அம்மா. அக்கா வீட்டுக் காதணி விழாவுக்கு முதல் நாள் ராத்திரி, கணக்கு வாத்தியார் இருக்கிறாரே என்று அளவு சொல்லும் வேலையை என்னிடம் விட்டார்கள். நான் பென்சிலால் பெருக்கிச் சொன்னேன். மூடியைத் திறந்ததும் கரண்டி குத்தின இடத்தில் அப்படியே நின்றது. கடைசியில் அதில் இன்னும் கொஞ்சம் நெய்யும் மிளகும் போட்டுப் பொங்கல் என்று பெயர் மாற்றிப் பரிமாறினோம்.

நாம் இரண்டு பேரும் செய்தது, தண்ணீர் முழுக்க அரிசியைச் சார்ந்தது என்று எடுத்துக்கொண்டது. பானையில் ஊற்றும் தண்ணீருக்கு இரண்டு வேலை. ஒரு பகுதி அரிசிக்குள் போகிறது, அது அரிசி கூடக் கூடக் கூடும். இன்னொரு பகுதி ஆவியாகப் போகிறது. அது பாத்திரத்தின் வாயையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் சார்ந்தது, அரிசி எட்டு மடங்கானதற்காக ஆவி எட்டு மடங்காவதில்லை.

அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். இரண்டு டம்ளர் அரிசியை வெவ்வேறு அளவு தண்ணீரில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். மூன்றரை டம்ளரில் சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 2, இரண்டுக்கு 3.5. ஒரு டம்ளர் அரிசி கூடியதற்கு ஒன்றரை டம்ளர்தான் கூடியிருக்கிறது, ஆக மீதி அரை டம்ளர் ஆவிக்கு. எட்டு டம்ளருக்கு 12, அதோடு அரை, பன்னிரண்டரை. நீங்கள் ஊற்றியது 16! மூன்றரை டம்ளர் தண்ணீர் போக வழியில்லாமல் அரிசிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. அகலமான பாத்திரம் என்றால் அந்த அரை, ஒன்றாகவோ அதற்கு மேலாகவோ ஆகலாம், கொஞ்சம் கண்பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் மாஸ்டர்கள் டம்ளர் எண்ணுவதில்லை, அரிசிக்கு மேலே தண்ணீர் எத்தனை விரல் கணு நிற்கிறது என்று விரலை விட்டுப் பார்க்கிறார்கள் இல்லையா? அரிசி எவ்வளவு இருந்தாலும் மேலே நிற்பது ஒரே அளவு. அந்த விரல் கணுதான் நம் கணக்கில் வரும் அரை டம்ளர். காதணி விழா அன்று மாஸ்டர் இதைச் சொல்லித்தான் என்னைச் சமையல்கட்டிலிருந்து வெளியே அனுப்பினார்.

கேள்வி: ஜவுளிக்கடையில் 3,000 ரூபாய்க்குத் துணி. 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு, என்னிடம் 500 ரூபாய் கூப்பனும் உண்டு. எதை முதலில் கழிக்கச் சொல்வது? எல்லாம் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். (வாசகர், ஈரோடு)

பதில்: ஒன்று இல்லை. சதவீதம் முதலில் என்றால் 2,700, பிறகு 500 போக 2,200. கூப்பன் முதலில் என்றால் 2,500, அதில் பத்து சதவீதம் போக 2,250. சார்புகளின் சேர்க்கையில் வரிசை மாறினால் விடை மாறும் என்று பாடத்தில் வருவது இந்த 50 ரூபாய்தான். இரண்டுமே சதவீதம் என்றால் வரிசை மாறினாலும் பரவாயில்லை, ஆனால் 20ம் 10ம் சேர்ந்து 30 ஆகாது, 28தான்.

கேள்வி: மாடித் தொட்டியிலிருந்து வரும் அரை இன்ச் பைப்பை ஒரு இன்ச்சாக மாற்றினால் தண்ணீர் இரட்டிப்பாக வருமா? (வாசகர், ஆவடி)

பதில்: இரட்டிப்பு இல்லை, நாலு மடங்குக்கும் மேல். தண்ணீர் போவது விட்டத்தின் வழியாக இல்லை, பரப்பின் வழியாக, பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதற்கு மேல் பைப் பெரிதானால் உரசலும் குறையும். தொட்டி காலியாகும் வேகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வண்டிக்கு ஒரு லட்சம் கடன், 12 மாதத் தவணை. ஒரு இடத்தில் 12 சதவீதம் 'பிளாட்', இன்னொரு இடத்தில் 14 சதவீதம், குறையும் அசலுக்கு வட்டி என்கிறார்கள். 12தானே குறைவு? (இளைஞர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டாய், நல்லது. பிளாட் என்றால் ஒரு லட்சத்துக்கு 12,000 வட்டியை முதலிலேயே சேர்த்து 1,12,000ஐ 12ஆல் வகுத்து மாதம் 9,333 ரூபாய் வாங்குவார்கள். ஆறு மாதம் கட்டியபின் கிட்டத்தட்ட பாதிக் கடன் தீர்ந்திருக்கும், அப்போதும் முழு லட்சத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 14 சதவீதக்காரர் மிச்சம் இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடுவதால் மாதம் 8,979தான் வரும், மொத்தம் 1,07,745 ரூபாய். நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம்.

அந்த 12 பிளாட்டுக்கு உண்மையில் என்ன வட்டி? வட்டி தெரிந்தால் தவணையைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் இருக்கிறது, தவணையிலிருந்து வட்டிக்குத் திரும்பிப் போக அப்படி ஒரு நேரடிச் சூத்திரம் கிடையாது, போட்டுப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த வேலையை போனிலேயே கூகுள் ஷீட்ஸ் செய்துவிடும். அதில் ரேட் என்று ஒரு சார்பு இருக்கிறது. தவணை எண்ணிக்கை 12, தவணை மைனஸ் 9,333, கடன் 1,00,000 என்று மூன்றையும் கொடுத்து, வருவதை 12ஆல் பெருக்கு. 21 சதவீதத்துக்கு மேல் காட்டும்.

கேள்வி: பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடலாம், அந்தக் காலத்திலேயே பாட்டு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தாத்தா சொல்கிறார். உண்மையா? (எட்டாம் வகுப்பு மாணவன், பண்ருட்டி)

பதில்: பாட்டு இருப்பது உண்மை, பழைய கணக்கு நூலில் உள்ள வெண்பா. காம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு முள்ளை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும். 100 முள் என்றால் 120 சுளை. எஃப் ஆஃப் எக்ஸ் எழுதவில்லையே தவிர சுத்தமான நேரிய சார்பு. என் சந்தேகம் விடையில் இல்லை, சார்பகத்தில்தான், அதாவது உள்ளே போடும் எண்ணில்தான். காம்புக்குப் பக்கம் என்றால் எதுவரை பக்கம்? ஒரு சுற்றா, இரண்டு சுற்றா? போன வருடம் சுண்ணாம்பால் புள்ளி வைத்து எண்ண ஆரம்பித்தேன், 64 வரை வந்திருப்பேன். அதற்குள் வீட்டில் நல்லெண்ணெயும் அரிவாளும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நீ பண்ருட்டியில் இருக்கிறாய், பழத்துக்குக் குறைவில்லை. பத்துப் பழத்தில் முள்ளையும் சுளையையும் எண்ணி எனக்கு எழுது.