எக்ஸ்ரே தேறுமா, திரும்ப எடுக்கணுமா? ரேடியோகிராபர் பதில்கள்

கேள்வி: சார், நான் முதலாம் ஆண்டு மாணவன். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்ததும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பெயர், எது வலது எது இடது என்று காட்டும் மார்க்கர். அப்புறம், நுரையீரலின் மேல்நுனி முதல் கீழே இரண்டு ஓரக் கோணங்கள் வரை முழுதாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. மூச்சை நன்றாக இழுத்தாரா என்பதை விலா எலும்பு சொல்லிவிடும். உதரவிதானத்துக்கு மேலே முன்பக்க விலா ஆறு, அல்லது பின்பக்க விலா ஒன்பது, பத்து தெரிய வேண்டும். மூச்சு குறைந்தால் இதயம் பெருத்துத் தெரியும், நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துவிடும். இல்லாத நிமோனியாவை இருப்பதாக நினைக்க வைப்பது இதுதான்.

உடம்பு திரும்பியிருக்கிறதா என்று அறிய, காலர் எலும்புகளின் உள்முனைகள் இரண்டும் நடுவிலுள்ள முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதயத்தின் நிழலுக்குள் முதுகெலும்பு மங்கலாகத் தெரிந்தால் கதிர் போதுமான அளவு ஊடுருவியிருக்கிறது.

கேள்வி: மார்க்கரை அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டால் போதாதா?

போதாது. இதயம் இருக்கும் பக்கத்தை வைத்து இடது என்று பிறகு முடிவு செய்தால் தவறிவிடலாம், இதயம் வலப்பக்கம் இருக்கும் ஆட்களும் உண்டு. எடுக்கும்போதே படத்தில் விழும் ஈய மார்க்கரைத்தான் நம்பலாம்.

கேள்வி: டிஜிட்டலில் எல்லாப் படமும் நன்றாகத்தானே தெரிகிறது? கதிர் கூடியதா குறைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது மென்பொருள் வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுகிறது. கதிர் குறைந்தால் படம் புள்ளிப்புள்ளியாகிவிடும், அது கண்ணுக்குத் தெரியும். கூடினாலோ படம் இன்னும் அழகாக வரும், நோயாளி வாங்கிய கூடுதல் கதிர் யார் கண்ணிலும் படாது. எனக்கு இதுதான் பெரிய கவலை. அதனால் டீவியேஷன் இண்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள், கதிர் இலக்கு அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்று அது சொல்லும்: 0 என்றால் இலக்கு, +3 என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, −3 என்றால் பாதி. ஆனால் எண்ணை மட்டும் வைத்து ரிப்பீட் எடுக்காதீர்கள். +3 வந்த படம் தெளிவாக இருக்கும்போது திரும்ப எடுத்தால் நோயாளிக்கு இன்னொரு டோஸ்தான் மிச்சம்.

கேள்வி: முழங்கால் லேட்டரல் (பக்கவாட்டுப் படம்) கொஞ்சம் திரும்பிவிட்டது. ரிஜெக்ட்டா?

எதற்காகப் படம் கேட்டார்கள்? அதைச் சொல்லாமல் எந்தப் படத்தையும் மதிப்பிட முடியாது. தொடை எலும்பின் கீழ்முனையிலுள்ள இரண்டு உருண்டையான கான்டைல்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பது பாடப் புத்தகப் படம். கீழே விழுந்து, காலை அசைக்க முடியாமல் படுத்திருப்பவரிடம் அதற்காகப் போராடக் கூடாது. காலை அப்படியே வைத்து, கதிரைப் படுக்கைவாட்டில் செலுத்தி எடுங்கள். மூட்டுக்குள் ரத்தம் கீழேயும் கொழுப்பு மேலேயும் பிரிந்து ஒரு நேர்க்கோடு தெரிந்தால், எலும்பு மூட்டுக்குள் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். விரிசலே கண்ணில் படாவிட்டாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். கான்டைல் சற்று விலகியிருந்தாலும் அந்தப் படம் தேறும். அதே விலகல் மூட்டு மாற்று அறுவைக்கான அளவெடுப்பில் வந்தால் திரும்ப எடுப்பதுதான் நியாயம்.

கேள்வி: அம்மாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே இரண்டு முறை எடுத்தார்கள். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம் அம்மா. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் உடம்பு வாங்கும் கதிர் சுமார் 0.02 மில்லிசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே சில நாட்களில் அவ்வளவு கதிர் நமக்கு வந்துவிடும். ஏன் திரும்ப எடுத்தீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள், காரணம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

கேள்வி: எங்கள் துறையில் ரிஜெக்ட் ஆகும் படங்கள் 2 சதவீதம்தான். பெருமைப்படலாமா?

அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் சொல்லும் இலக்கு 8 சதவீதம், 10ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டும். 2 என்றால், தேறாத படங்களும் டாக்டருக்குப் போகின்றனவா, ரிஜெக்ட் செய்ததைப் பதியாமல் அழிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.