கீமோவுக்குப் பிறகு வரும் மறதி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஞாபகம், கவனம் பற்றி வந்த கேள்விகளில் அவசரமானதை முதலில் எடுக்கிறேன். புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்களுக்கு நினைவாற்றல் பயிற்சி கொடுப்பது என் வேலை.

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. நேற்று வரை நன்றாகப் பேசியவர், இன்று காலையிலிருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார், ஆளையே மாற்றிச் சொல்கிறார். கீமோ மறதியா?

இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கீமோ மறதி இப்படி ஒரே நாளில் வராது. கிருமித் தொற்று, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, சோடியம் இறங்குவது, மருந்தின் பக்கவிளைவு, சில நேரம் மூளையில் நோய் பரவியது என்று எதுவும் காரணமாக இருக்கலாம். பெரும்பாலானவை சீக்கிரம் பார்த்தால் சரிசெய்யக்கூடியவை.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து ஆறு மாதம். பேச்சின் நடுவில் வார்த்தை கிடைப்பதில்லை, படித்த பக்கத்தையே திரும்பப் படிக்கிறேன். ஞாபகப் பரிசோதனை நார்மல். வீட்டில் "எல்லாம் உன் மனசுதான்" என்கிறார்கள்.

உங்கள் மனசு இதை இட்டுக்கட்டவில்லை. 1980லேயே ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். சிகிச்சைக் காலத்தில் 75 சதவீதம் பேர் வரை இதை உணர்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும்.

அவசரமாகச் செய்யும் சின்னப் பரிசோதனை டிமென்ஷியாவை, அதாவது மூளை படிப்படியாகத் திறன் இழக்கும் மறதி நோயைக் கண்டுபிடிக்க உருவானது. இன்று என்ன கிழமை, இந்தப் பொருளின் பெயர் என்ன என்று கேட்பார்கள், நீங்கள் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். உங்களுக்குக் குறைந்திருப்பது யோசிக்கும் வேகமும், இரண்டு வேலையை ஒன்றாகக் கவனிக்கும் திறனும். அது அங்கே தெரியாது. "டெஸ்ட் நார்மல், கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிடுவது நியாயமே இல்லை. கவனம், வேகம், ஞாபகம் என்று தனித்தனியாக அளக்கும் விரிவான நரம்பு உளவியல் பரிசோதனை கேளுங்கள். எந்த வேலை, எந்த நேரத்தில் தடுமாறுகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் குறிப்பு டாக்டருக்கு மிகவும் உதவும்.

கேள்வி: எனக்குக் கீமோவே இல்லை, ஹார்மோன் மாத்திரை மட்டும்தான். அப்புறம் ஏன் மறதி?

பழியெல்லாம் கீமோ மேல் விழுந்துவிட்டது. சிகிச்சை தொடங்கும் முன்பே 30 சதவீதம் பேர் வரை இந்தத் தடுமாற்றம் தெரிகிறது. நோயால் உடலில் உண்டாகும் அழற்சி, கவலை, கெட்டுப்போன தூக்கம் எல்லாம் இதில் சேரும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு நினைவாற்றலில் பங்கு உண்டு என்பதால், அதைத் தடுக்கும் மாத்திரைகளும் சிலரைப் பாதிக்கின்றன. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது நோய் திரும்பாமல் காக்கிறது. வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: இதற்கு மருந்து உண்டா?

இதற்கென்றே நிரூபணமான மாத்திரை இன்னும் இல்லை. ஆனால் மறதியைக் கூட்டும் வேறு விஷயங்களைத் தேடிப் பிடிக்கலாம்: ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, வலி. தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, வலி மாத்திரை உட்பட சாப்பிடும் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்து உடற்பயிற்சி. தினமும் நடந்தால்கூடப் போதும், நான் முதலில் சொல்வது அதுதான். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள், போனில் அலாரம் வையுங்கள், மூளைக்கு வேலை தரும் காரியங்களைத் தெளிவாக இருக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மூளை முழுவதும் ரேடியேஷன் தரவேண்டும் என்கிறார்கள். ஞாபகம் போய்விடுமா?

பாதிப்பு வரலாம், குறைக்க வழியும் உண்டு. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியை விலக்கி ரேடியேஷன் கொடுத்து, கூடவே டிமென்ஷியாவுக்குத் தரும் மெமான்டின் மாத்திரையும் தந்தால் பாதிப்பு குறைகிறது என்று 2020ல் வெளியான ஆய்வு காட்டியது. கட்டி அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால் இது பொருந்தாது. தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இது டிமென்ஷியாவில் போய் முடியுமா?

பெரும்பாலானவர்களுக்கு முடியாது. மெதுவாகத் தேறுவதுதான் வழக்கம். சிகிச்சை முடிந்த பிறகும் மாதத்துக்கு மாதம் மோசமாகிக்கொண்டே போனால், தெரிந்த வழியில் தொலைந்துபோனால், அதைக் கீமோ கணக்கில் எழுதாமல் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.