நான் ஏன் முதலில் பேசவேண்டும்?

கேள்வி: கல்லூரியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுடன் தொடர்பு விட்டுப்போய் 18 வருடம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. போன மாதம் வேறொருவர் மூலம் அவன் எண் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்துவிட்டேன். என் அப்பா இறந்தபோதுகூட விசாரிக்காதவனிடம் நான் ஏன் முதலில் பேசவேண்டும் என்று தோன்றுகிறது. அவன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். பத்திரிகை சார்பில் நீங்கள் பேசிப் பார்க்கலாமே? – பெயர் வேண்டாம்

பதில்: அப்பா இறந்தது அவருக்குத் தெரியுமா? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். அவர் விசாரிக்கவில்லை என்று இருக்கிறதே தவிர, நீங்கள் சொல்லி அனுப்பியதாக ஒரு வரி இல்லை. அவர் எண் உங்களுக்கே போன மாதம்தான் கிடைத்தது. உங்கள் வீட்டுத் துக்கம் மட்டும் அவருக்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததும் அவர் பதறியடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். நல்ல கணக்கு. இந்த 18 வருடத்தில் அவர் வீட்டில் யார் யார் போனார்கள் என்று நீங்கள் விசாரித்தீர்களா?

வள்ளுவர் நட்புக்கு ஒரு அதிகாரம் எழுதியதோடு விடாமல், ‘பழைமை’ என்று 81ஆம் அதிகாரத்தைத் தனியாக வைத்தார். நண்பர் மனம் நோகும்படி ஏதாவது செய்தால், அறியாமையால் செய்தார் என்றோ, மிகுந்த உரிமையால் செய்தார் என்றோ எடுத்துக்கொள் என்கிறது அதில் ஒரு குறள் (805). உங்கள் விஷயத்தில் முதலாவதே போதும். மனிதருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எழுதி எழுதி அழிப்பதற்காக உங்களைத் திட்டமாட்டேன். அது ஊர் உலகத்துக்கே உள்ள வியாதி. லாரா அக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரிடம் பேச ஆசையும் இருந்து, எண்ணும் கையில் இருந்து, எழுத நேரமும் கொடுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர்கூடச் செய்தியை அனுப்பவில்லை. அதே ஆய்வில் ஒரு வழியும் கிடைத்தது. இப்போது பழக்கத்தில் உள்ள நண்பர்களுக்கு முதலில் மூன்று நிமிடம் செய்தி அனுப்பிக் கை பழகியவர்களில் பாதிக்கு மேல் பழைய நண்பருக்கும் அனுப்பிவிட்டார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். தண்ணீரில் குதிக்குமுன் காலை நனைத்துக்கொள்வதுபோல.

இன்னொன்று. பெக்கி லியு குழுவினர் 2022இல் 5,900 பேருக்கு மேல் வைத்துச் செய்த சோதனைகளில், தொடர்புகொள்கிறவர் நினைப்பதைவிட எதிராளிக்கு அது அதிக மகிழ்ச்சி தருகிறது என்று தெரிந்தது. அதுவும் எதிர்பாராமல் வந்தால் இன்னும் அதிகம். 18 வருடத்துக்குப் பிறகு வருவதை எவர் எதிர்பார்ப்பார்?

என்ன எழுதுவது? ‘என்னை ஞாபகம் இருக்கா?’ வேண்டாம், அது பரீட்சை வைப்பது. வெறும் ‘ஹாய்’ அனுப்பினால், கடன் கேட்கவோ காப்பீட்டு பாலிசி விற்கவோ வந்திருக்கிறார் என்று நினைப்பார். (அப்படி வருகிறவர்களும் உண்டு. இரண்டாவது அழைப்பிலேயே தெரிந்துவிடும்.) பெயரைச் சொல்லுங்கள், எண் எப்படிக் கிடைத்தது என்று சொல்லுங்கள், உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்துவிட்டு அப்படி ஒன்றுகூடவா இல்லை? ‘ஏன் பேசவே இல்லை’ என்ற விசாரணைக் கமிஷன் மட்டும் இப்போது வேண்டாம். அப்பாவைப் பற்றி நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு இரண்டு அனுபவம் உண்டு. ஒருவனுக்கு 22 வருடம் கழித்துப் போன் போட்டேன். பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பின்னால் குக்கர் விசில் மட்டும் கேட்டது. வைத்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில், “டேய், என் நீல ஸ்வெட்டர் எங்கடா?” என்றான். உண்மையில் அதைக் கொண்டுபோனது நான்தான். அது வண்டி துடைக்கும் துணியாகி, அதுவும் கிழிந்து, பல வருடம் ஆகியிருந்தது. அதைச் சொன்னதும் ஆரம்பித்த வசவு முக்கால் மணி நேரம் ஓடியது.

இன்னொருவருக்கு உருகி உருகி அரைப் பக்கம் எழுதினேன். ஒரு கும்பிடும் கை வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. இரண்டு நாள் உறுத்தியது, மூன்றாம் நாள் மறந்துவிட்டேன். உங்களுக்கும் கும்பிடும் கை வரலாம். அப்படி வந்தால், வந்த கோபத்தை எனக்கு இன்னொரு கடிதமாக எழுதுங்கள், இடம் ஒதுக்குகிறேன்.

நீங்கள் கொடுத்திருக்கும் எண்ணுக்கு நான் பேசப்போவதில்லை. தவிர, அதில் கடைசி இலக்கம் 1ஆ 7ஆ என்றே தெரியவில்லை. உங்கள் போனில் இருப்பதையாவது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.