ஏப்ரல் கடைசியில் யாழ்ப்பாணத் தீவுப்பக்கம் வந்தால் வலசைப் பறவைகளைப் பார்க்கலாமா? ‘சீசன் முடிந்துவிட்டது’ என்கிறார்களே?

முடிந்துவிட்டது என்று உங்களுக்குச் சொன்னவர் மாசி மாதம் வந்து பூநாரையைப் படம் எடுத்துக்கொண்டு போனவராக இருப்பார். பூநாரைதான் வேண்டுமென்றால் அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. வாத்துகளும் பெரும்பாலும் பங்குனியோடு போய்விடும். ஆனால் சேற்றில் இரை தேடும் உள்ளான், உப்புக்கொத்தி வகைகளைப் பார்க்கச் சித்திரையை விட நல்ல மாதம் இல்லை. ஐப்பசியில் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எது எதென்று பிரிப்பதே பெரும்பாடு. போகும் காலத்தில்தான் இறகு மாற்றி நிறம் கட்டும். வளைந்த மூக்குள்ள உள்ளான் ஒன்று, கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறமாகிவிடும். அது முட்டையிடுவது சைபீரியாவின் வடக்குக் கரையில்.

நான் பறவையியல் படித்தவன் இல்லை. பெயரில் பிழை இருந்தால் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள். ஆங்கில ஆசிரியராக நெடுந்தீவுக்கு மாற்றப்பட்டதால் பறவை பார்க்கத் தொடங்கினேன், அவ்வளவுதான். ஞாயிறு பின்னேரம் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினால் வெள்ளிதான் திரும்புவேன். தீவுக்கு மாற்றினால் ஏதோ குற்றம் செய்தவன் மாதிரித்தான் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். அந்த நேரத்துச் சம்பள உயர்வு நிலுவை இன்னும் வந்து சேரவில்லை. கோப்பு மேசைக்கு மேசை போகிறதாம், நான் ஓய்வு பெற்றும் மூன்று வருடம் ஆகிவிட்டது. சரி, அது வேறு கதை.

ஒரு சித்திரைக் கடைசியில், தெற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று முன்கூட்டியே எழும்பிவிட்டது. படகு போகாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், புங்குடுதீவையும் வேலணையையும் இணைத்துக் கடலுக்கு நடுவே போகும் வாணர் தாம்போதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். நிற்க முடியாத காற்று, சாரம் கட்டியிருந்த ஒருவர் ஒரு கையால் அதைப் பிடித்தபடிதான் நடந்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. அதில் நூற்றுக்கணக்கில் உள்ளான்கள், எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து ஒரே பக்கம் பார்த்தபடி. பாதிக்கு மேல் சிவந்துவிட்டன. ஆனால் அன்று இரை பொறுக்குவதில் அவற்றுக்கு அக்கறை இல்லை. கொஞ்சம் எழும்பும், ஒரு வட்டம் அடிக்கும், திரும்ப இறங்கும்.

களங்கண்ணி வலை பார்த்துவிட்டு வந்த ஐயா ஒருவர் என் பக்கத்தில் நின்று பீடி பற்றவைக்கப் பார்த்தார், காற்றில் பற்றவில்லை.

“என்ன மாஸ்டர், படகு இல்லையே?”

“இல்லை ஐயா. இதுகள் ஏன் இப்பிடி எழும்பி எழும்பி இருக்குதுகள்?”

“வெளிக்கிட்டு நிக்குதுகள். சோளகம் எழும்பீட்டுதெல்லே. இண்டைக்கு இரவைக்குப் போயிடும்.”

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. 60 கிராம் அளவுள்ள குருவி அது. போவதற்கு முன் நன்றாகத் தின்று கொழுப்பேற்றி வைத்திருக்கும். தெற்கிலிருந்து அடிக்கும் காற்று வடக்கே போகிறவற்றை முதுகில் தள்ளும். எங்கள் படகை நிறுத்தின காற்றுக்குத்தான் அவை காத்துக்கொண்டிருந்தன.

பொழுது படும் நேரம் ஒரு கூட்டம் கத்திக்கொண்டு எழும்பியது. இந்தத் தடவை வட்டம் அடித்து இறங்கவில்லை. மேலே மேலே போய் வடக்கே திரும்பியது. அப்புறம் இன்னொன்று. இருட்டும் வரை எண்ணினேன், நாலாவதோடு கணக்கு விட்டுப்போனது.

இதைச் சொன்னால் “படம் எங்கே?” என்று கேட்பார்கள். என்னிடம் இருந்தது ஒரு பழைய போன். நம்பாவிட்டால் விடுங்கள்.

நீங்கள் வருவதென்றால் சுண்டிக்குளத்துக்குப் போகச் சொல்வார்கள். 1938இலிருந்து சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவானது, போய்ப் பாருங்கள், நல்ல இடம். ஆனால் எனக்குத் தாம்போதிகள் போதும்: பண்ணை, பொன்னாலை, வாணர். விடியற்காலையில் அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு போங்கள், நடுப்பகலில் கானல்தான் தெரியும். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். சேற்றில் இறங்க வேண்டாம், முழங்கால் வரை இழுக்கும். முக்கியமாக, பறக்கும்போது படம் எடுக்கவென்று கல் எறிகிறவர்களோடு வராதீர்கள். அந்த நேரம் வீணாகும் ஒவ்வொரு பறப்பும் அது சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்துதான் போகிறது. ட்ரோன் கொண்டுவந்த ஒருவரோடு நான் நடுத்தெருவில் வாக்குவாதப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் திங்கள் விடிய, படகுக்கு அதே வழியால் போனேன். சேறு வெறிச்சென்று கிடந்தது. ஓரமாக ஏழெட்டு மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன, ஒன்றிலும் சிவப்பு இல்லை. காயம் பட்டவையோ என்று நினைத்தேன். ஐயா அன்றும் வலையில் நின்றார், கேட்டேன்.

“அதுகளுக்கு இன்னும் வயது வரேல்லை மாஸ்டர். இந்த வருசம் போகாதுகள்.”

அவை ஆவணி வரை அங்கேயே நின்றன. அந்த வருடம் எனக்கும் இடமாற்றம் கிடைக்கவில்லை.