ஜீப்புக்குள் வைத்தியம் வேண்டாம்

கேள்வி: தொடை இடுக்கில் படை. கோட்டயத்தில் ஒரு தனியார் கிளினிக் டாக்டரம்மாவிடம் வீடியோவில் காட்டக் கேட்டேன். ரிசப்ஷனில் இருப்பவர், "போட்டோவை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க" என்கிறார். அனுப்பலாமா? கேரள டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டு இங்கே செல்லுமா?
- வாசகி, கம்பம்

பதில்: சீட்டு செல்லும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ (போன், வீடியோ வழி வைத்தியம்) வழிகாட்டுதல்படி, பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவில் எங்கிருந்தும் பார்க்கலாம். சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

போட்டோவை ரிசப்ஷனில் இருப்பவருக்கு அனுப்பாதீர்கள் அம்மா. "டாக்டரிடமே காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். கேட்டவர்தான் கூச்சப்பட வேண்டும், நீங்கள் இல்லை.

அப்புறம், இடம். ஏலத்தோட்டத்து ஜீப்பில் வந்துகொண்டே ஒருத்தர் என்னிடம் வெள்ளைப்படுதல் பற்றிப் பேசினார், ஸ்பீக்கரில்! நானே கட் செய்துவிட்டேன். கதவைச் சாத்தி, இயர்போன் மாட்டிப் பேசுங்கள். மருந்துக்கடையில் வாங்கிப் பூசிய களிம்பு டியூபையும் கேமராவில் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் படை அடங்கியதுபோல் இருந்து பிறகு பரவும்.