அணியம் எழும்புது, ஒரு பக்கம் சாயுது: டிரிம் டேப் போடலாமா?

கேள்வி: 22 அடி ஃபைபர் படகு, ஒற்றை 115 குதிரைத்திறன் அவுட்போர்டு. கோவளத்திலிருந்து தூண்டில் போடப் போவோம். வேகமெடுத்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, எழும்பி எதிரே ஒன்றும் தெரிவதில்லை. மாமனார் உட்காரும் வலப்பக்கமே சாய்கிறது. டிரிம் டேப் போட்டால் சரியாகுமா? நானே மாட்டலாமா?

பதில்: சரியாகும். ஆனால் காசைப் போடும் முன், இன்ஜினின் அடிப்பகுதி படகை நோக்கி வரும்படி முழுக்க உள்பக்கம் சாய்த்து (டிரிம் செய்து), பேட்டரியையும் ஐஸ் பெட்டியையும் இடப்பக்கம் மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பாதிச் சாய்வு அதிலேயே போய்விடலாம். மிச்சத்துக்குத்தான் டிரிம் டேப்.

டிரிம் டேப் என்பது படகின் பின்பலகையின் அடிவிளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாகக் கீல் வைத்த ஸ்டீல் தகடுகள், அவ்வளவுதான். தகடு இறங்கினால் ஓடும் தண்ணீர் அதில் மோதி அந்தப் பக்கத்துப் பின்பகுதியைத் தூக்கும்; எதிர்ப்பக்க அணியம் தாழும். தகட்டை ஏற்றி இறக்கும் சுவிட்சில் எல்லோரும் குழம்புவது இங்கேதான். பொதுவாகச் சுவிட்ச் கணக்கு அணியத்தை வைத்து: இடது சுவிட்சின் முன்பகுதியை அழுத்தினால் இறங்குவது வலது தகடு. ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். மாமனார் வலப்பக்கம் இருந்தால் நீங்கள் தொட வேண்டியது இடது சுவிட்ச். ஒரு நொடி அழுத்தி விடுங்கள், படகு பதில் சொல்லும்வரை பொறுங்கள், அப்புறம் அடுத்த தட்டு. அழுத்திக்கொண்டே இருந்தால் அணியம் தண்ணீரில் புதைந்து ஸ்டியரிங் இழுக்கும்.

அளவு: படகு நீளத்தில் அடிக்கு ஓர் அங்குலம், ஒவ்வொரு பக்கமும். உங்களுக்கு 22 முதல் 24 அங்குல அகலம், 9 அங்குல நீளம். இடம் போதாதென்றால் 18-க்கு 12. பக்கவிளிம்பிலிருந்து 3, 4 அங்குலம் உள்ளே, அடிமட்டத்துக்குக் கால் அங்குலம் மேலே.

நீங்களே மாட்டலாம், அவசரப்படாவிட்டால். துளை போடும் இடத்தில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், ஜெல்கோட் (ஃபைபரின் மேல்பூச்சு) சில்லு பெயராது. துளையிலிருந்து வரும் தூளைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பலகை உள்ளே ஊறியிருக்கிறது. வேலையை அங்கேயே நிறுத்துங்கள். உலர்ந்திருந்தால் துளைச் சுவரில் எபாக்சி தடவி, ஸ்க்ரூவுக்குக் கடலுக்கான பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். சாதாரண பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம்.

எதிரலையில் தகட்டை இறக்கலாம். கூரான முன்பகுதி அலையை வெட்டும், இடுப்பு தப்பிக்கும். மதியம் கடல்காற்று எழுந்த பிறகு கரை திரும்பும்போது அலை முதுகில் வரும். அப்போது இரண்டு தகடும் முழுக்க மேலே இருக்க வேண்டும். இறக்கியபடி வந்தால் அணியம் அலைக்குள் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் மணலில் ஏற்றும்போதும் மேலேதான். நான் ஒருமுறை மறந்து, தகட்டின் கீலை நிமிர்த்த ஒரு வெல்டரிடம் கெஞ்சியிருக்கிறேன்.

நம் கடல் உப்புக்கு, ஸ்டீலுக்குப் பதிலாக அரிபட, ஒவ்வொரு தகட்டிலும் ஒரு ஜிங்க் கட்டி மாட்டுங்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். பெயின்ட் அடிக்கும் பையனிடம் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். மேலே பெயின்ட் பட்டால் ஜிங்க் வேலை செய்யாது.