நம்ம குழுவைப் பற்றி நாமே எழுதலாமா? விக்கிப்பீடியா கேள்வி பதில்

இணையக் குழுக்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் பக்கம் சாயாமல் எழுதுவது எப்படி என்று மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகள் இவை. தமிழ், ஆங்கிலம் இரண்டு விக்கிப்பீடியாவிலும் தொகுக்கிறவள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, மதுரைச் சாப்பாட்டுக் கடைகளுக்காக முகநூலில் ஒரு குழு நடத்துகிறோம். நானும் ஒரு அட்மின். குழுவைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை போட்டேன், விளம்பரம் என்று நீக்கிவிட்டார்கள். ஒரு வரிகூடப் பொய் இல்லையே?

பொய் இல்லை, சரி. நீங்கள் அனுப்பிய வரைவின் முதல் வரியைப் பாருங்கள்: “மதுரை மக்களின் நாவையும் மனதையும் வென்ற, தென் தமிழகத்தின் முன்னணி உணவுக் குழு.” வென்றதாக யார் சொன்னது? முன்னணி என்று வரிசை போட்டது யார்? இரண்டுக்கும் “நாங்கள்தான்” என்பதே பதில். அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் “மதுரை உணவகங்களைப் பற்றிய முகநூல் குழு” என்பது மட்டும் மிஞ்சும். அதுதான் கட்டுரையின் முதல் வரி. உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். பேர், ஊர், தொகை, அடுத்த ஆள். அள்ளி வைத்தவரைத் தாராள மனசுக்காரர் என்று நோட்டில் ஏற்ற மாட்டார், ஐம்பது ரூபாய் வைத்தவரைப் பற்றிப் பந்தியில் பேசிக்கொண்டதையும் ஏற்ற மாட்டார்.

நடை மட்டும் சிக்கல் இல்லை. குறிப்பிடத்தக்கமை என்று ஒரு விதி இருக்கிறது. உங்களோடு சம்பந்தமில்லாத, நம்பகமான பத்திரிகையோ நூலோ உங்கள் குழுவையே பொருளாக வைத்து ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஒரு கடையைப் பற்றிய செய்தியில் “முகநூல் குழுவில் ஒருவர் பதிவிட்டார்” என்று போகிறபோக்கில் வந்தால் அது கணக்கில் சேராது. நீங்களே பத்திரிகைக்கு அனுப்பி, அப்படியே அச்சான செய்திக்குறிப்பும் சேராது. சம்பந்தமில்லாதவர்கள் விரிவாக எழுதியவை இரண்டு மூன்றாவது கிடைக்காவிட்டால் கட்டுரைக்கு நேரம் வரவில்லை என்று விட்டுவிடுங்கள். குழு மட்டம் என்று இதற்குப் பொருள் கிடையாது.

அப்புறம், நீங்கள் அட்மின். உங்கள் குழுவின் கட்டுரையில் நீங்களே கை வைப்பதை நலமுரண் என்பார்கள். சட்டம் போட்டு அடியோடு தடுக்கவில்லை, ஆனால் நல்ல வழி வேறு. உங்கள் பயனர் பக்கத்தில் “நான் இந்தக் குழுவின் அட்மின்” என்று எழுதிவிடுங்கள். மாற்றம் தேவைப்பட்டால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், அதாவது அதைப் பற்றி விவாதிக்கும் பக்கத்தில், சான்றோடு கேளுங்கள், சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்துச் சேர்ப்பார்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குழுவில் கறிதோசைக்கும் ஜிகர்தண்டாவுக்கும் நல்ல படங்கள் ஏராளமாக இருக்கும். எடுத்தவர்களே அவற்றை, விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில், யாரும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் ஏற்றினால், குழுவின் பேருக்கு ஒரு கட்டுரை வருவதைவிட ஊருக்கு அதிகப் பயன்.

உசிலம்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியர்: நடுநிலை என்றால் நல்லது பாதி, கெட்டது பாதி என்றுதானே மேடம்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் சார். அதனால்தான் ஒன்றுமில்லாத குழுவுக்கும் தேடிப்பிடித்து ஒரு குறை எழுதுகிறார்கள், ஊரறிந்த அட்டூழியத்துக்கும் “மறுபக்கம்” என்று ஒரு பத்தி ஒதுக்குகிறார்கள். விக்கிப்பீடியா எடை பார்க்கிறது. நம்பகமான சான்றுகள் எதை எவ்வளவு பேசுகின்றனவோ, கட்டுரையும் அதை அவ்வளவே பேச வேண்டும்.

இதற்குக் கேமர்கேட்டைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2014 ஆகஸ்டில் தொடங்கியது. வீடியோ கேம் உலகத்துப் பெண்கள் சிலரைக் குறிவைத்து இணையத்தில் கூட்டமாக மிரட்டினார்கள். அதில் ஈடுபட்டவர்கள், “நாங்கள் கேம் பத்திரிகைகளின் நேர்மையைத்தான் கேள்வி கேட்கிறோம்” என்றார்கள். விசாரித்து எழுதிய பத்திரிகைகளும் பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதைத் துன்புறுத்தல் என்றே விவரித்தன. ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரைக்கு நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் அங்குள்ள நடுவர் குழு வரை போய், 2015 ஜனவரியில் தீர்ப்பு வந்து, சில தொகுப்பாளர்களுக்குத் தடை விழுந்தது. ஆளுக்குப் பாதி என்று பிரித்திருந்தால் கட்டுரை பார்க்க நியாயமாகத் தெரிந்திருக்கும், உண்மையில் ஒரு தரப்புக்கு வக்கீல் வேலை பார்த்திருக்கும். அதற்காக அவர்கள் சொன்னதை மறைக்கவும் இல்லை. “ஈடுபட்டவர்கள் இப்படிக் கூறினர்” என்று, சான்றுகள் தந்த அளவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. விக்கிப்பீடியா தன் குரலில் சொல்வது வேறு, இன்னார் சொன்னார் என்று பதிவது வேறு. “அந்தத் தளம் ஆபத்தானது” என்றால் தீர்ப்பு. “இந்தப் பத்திரிகை, இந்த ஆண்டில் அதை ஆபத்தானது என்று விமர்சித்தது” என்றால் தகவல். “பலரும் கருதுகின்றனர்” என்று யாரையும் சுட்டாமல் எழுதுவது இரண்டிலும் சேராது. அந்தப் பலர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் எழுதியவரும் அவருடைய நண்பர்களுமாகத்தான் இருப்பார்கள்.

மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: குழுவின் பக்கத்திலேயே உறுப்பினர் எண்ணிக்கை காட்டுகிறது. அதை அப்படியே போடலாமா அக்கா?

போடலாம், தேதியோடு. “இன்ன மாதம் குழுவின் பக்கம் காட்டிய எண்ணிக்கை” என்று எழுதினால் நேர்மை. சேர்ந்தவர்கள் எல்லாரும் எழுதுகிறவர்கள் இல்லை என்பதை மறக்க வேண்டாம். சேர்ந்துவிட்டு எட்டிப் பார்க்காதவர்கள், இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். “இத்தனை லட்சம் பேரின் குரல்” என்று அதைத் திருப்பிவிடாதீர்கள்.

முன்பெல்லாம் இணையதளக் கட்டுரை என்றால் தகவல் பெட்டியில் அலெக்சா தரவரிசை, அதாவது தளத்துக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று கணித்துப் போட்ட வரிசை, கட்டாயம் இருக்கும். அமேசான் அந்தச் சேவையை 2022 மே 1-ஆம் தேதி மூடிவிட்டது. “தற்போது”, “இன்று”, “வேகமாக வளர்ந்துவரும்” என்ற சொற்களையும் இந்த வகைக் கட்டுரையில் தொடாதீர்கள். கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்க்குட்டை 2014 செப்டம்பர் 30-இல் மூடினார்கள். அதிலிருந்த ஒரு குழுவை “தற்போது பரபரப்பாக இயங்குகிறது” என்று யாராவது எழுதிவைத்திருந்தால் என்ன ஆகும், யோசியுங்கள். சான்றாகக் கொடுக்கிற பக்கங்களை, இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்து அந்த லிங்க்கையும் சேர்த்துக் கொடுங்கள். குழுக்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும்.

செல்லூரிலிருந்து ஒருவர்: வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டைக்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ஆதாரம் ஆகாதா?

ஆகாது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், வெளியே இருப்பவர் சரிபார்க்கவும் முடியாது. உண்மையான படமாகவே இருந்தாலும், அதைப் பார்த்து “குழுவில் பிளவு ஏற்பட்டது” என்று நீங்களே முடிவு கட்டினால் அது சொந்த ஆய்வு. அதற்கு விக்கிப்பீடியாவில் இடமில்லை. குழு தன்னைப் பற்றித் தானே சொல்கிற சாதாரணத் தகவல்களை, தொடங்கிய ஆண்டு, சேரும் விதி போன்றவற்றை, அதன் பக்கத்திலிருந்தே எடுக்கலாம். தற்பெருமையையும் அடுத்தவர் மேல் சொல்லும் புகாரையும் எடுக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப் பேராசிரியர், பசுமலை: மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில்தான் பல இலக்கியங்களைத் தேடிப் படிக்கிறேன் அம்மா. அப்பேர்ப்பட்ட தொண்டை “தன்னார்வ முயற்சி” என்று வறட்சியாக எழுதுவது நன்றிகெட்ட செயலாகாதா?

ஐயா, எனக்கும் அந்தத் திட்டத்தின் மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் “ஈடு இணையற்ற தமிழ்த்தொண்டு” என்று நான் எழுதினால், திட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு பையனுக்கு அதிலிருந்து என்ன கிடைக்கும்? 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையேற்று நடத்தினார். பெயர்தான் மதுரை, தட்டச்சு செய்ததும் மெய்ப்புப் பார்த்ததும் உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள். ஒருங்குறி (யூனிகோட்) பரவலாகும் முன்பே டிஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டில் நூல்களை ஏற்றி, பிறகு ஒருங்குறிக்கும் மாறினார்கள். யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். இவ்வளவையும் வரிசையாகச் சொன்னால் படிக்கிறவர் தானே வியந்துகொள்வார். பாராட்டு வேண்டுமென்றால், அறிஞர் ஒருவர் அச்சில் பாராட்டியதை அவர் பெயரோடு மேற்கோள் காட்டுங்கள். பிழைகளை யாராவது ஆராய்ந்து எழுதியிருந்தால் அதுவும் அதே மரியாதையோடு உள்ளே வர வேண்டும்.

வாடிப்பட்டி, ரசிகர் பக்கம் நடத்தும் ஒரு தம்பி: எங்களைப் பற்றிய கட்டுரையில் ‘சர்ச்சைகள்’ என்று தனித் தலைப்பு வைத்து நாறடிக்கிறார்கள். நாங்கள் முப்பது பேர் சேர்ந்து போய் நீக்கினோம், பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள்!

பூட்டத்தான் செய்வார்கள். முப்பது பேர் ஒரே வேலையாக வந்தால் நிர்வாகிக்கு அது முப்பது கருத்தாகத் தெரியாது, ஒரே ஆளின் முப்பது கையாகத்தான் தெரியும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் தொகுப்பை நீக்கிப் பழையபடி மாற்றினாலே தடை விழலாம். அங்கே வாக்கு எண்ணி முடிவெடுப்பதில்லை. பேச்சுப் பக்கத்தில் ஒரே ஒருவர் நல்ல சான்றோடு வந்தால் போதும்.

ஆனால் உங்கள் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. ‘சர்ச்சைகள்’ என்று தனிப் பத்தி திறந்தால் அது குப்பைத் தொட்டி ஆகிவிடும். ஒவ்வொரு மீம் சண்டையையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். உண்மையிலேயே பெரிதாகப் பேசப்பட்ட விஷயத்தைக் குழுவின் வரலாற்றில் அது நடந்த இடத்திலேயே எழுதுவதுதான் முறை. “தலைப்பை எடுத்துவிட்டு, சான்றுள்ள இரண்டு நிகழ்வுகளை வரலாற்றுப் பகுதிக்கு நகர்த்தலாமா?” என்று கேளுங்கள். மொத்தமாக நீக்கச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அதே தம்பி: அட்மின் பெயரையும் அவர் மேல் புகாரையும் போட்டிருக்கிறார்களே?

இதில் பேச்சுக்கே இடமில்லை. உயிரோடிருப்பவரைப் பற்றிய, சான்றில்லாத பழியை யார் வேண்டுமானாலும் உடனே நீக்கலாம், பேச்சுப் பக்கத்திலிருந்தும் நீக்கலாம். 2005-இல் ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குக் கென்னடி கொலையில் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ விளையாட்டுக்கு எழுதிவைக்க, அந்தப் பொய் நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அதன் பிறகுதான் விதிகள் இறுகின. ஆங்கிலத்திலேயே அந்தக் கதி. தமிழில் தொகுப்பவர்கள் குறைவு, மாற்றங்களைக் கண்காணிக்கும் கவனிப்புப் பட்டியலில் யாரும் வைக்காத கட்டுரையில் ஏறிய பழி ரொம்ப நாள் இருந்துவிடும். பார்த்தவுடன் நீக்கிவிட்டு, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து ஒருவர்: 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் சமூக ஊடகத்தில் திரண்டதுதானே. அதைப் ‘புரட்சி’ என்று எழுதினால் என்ன தப்பு?

கட்டுரைத் தலைப்புக்கும் உங்கள் குரலுக்கும் ‘போராட்டம்’ போதும். அந்த ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் உங்கள் ஊரிலும் கூட்டம் திரண்டதைச் சொல்லுங்கள், 2014 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தடையைச் சொல்லுங்கள், “புரட்சி என்றும் அழைக்கப்பட்டது” என்று யார் அழைத்தார்கள் என்பதோடு சொல்லுங்கள். விலங்கு நல அமைப்புகளின் வாதத்தையும் அவர்கள் ஒத்துக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும். நம் ஊரில் இருந்துகொண்டு எழுத இதுதான் கஷ்டமான வரி.

பெயர் வேண்டாம் என்றவர், கே.கே. நகர்: காசு கொடுத்தால் கட்டுரை எழுதித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது.

காசு வாங்கித் தொகுத்தால் யார் கொடுத்தது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014 ஜூனிலேயே விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை விதி வைத்துவிட்டது. அவர்கள் சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் இப்படிக் காசுக்கு எழுதிய கூட்டம் ஒன்றின் 381 கணக்குகளை ஒரே மூச்சில் முடக்கினார்கள். கட்டுரையும் போகும், காசும் போகும்.

கோரிப்பாளையத்திலிருந்து ஒரு மாணவர்: விக்கிப்பீடியாவும் ஓர் இணையக் குழுதானே? தன்னைப் பற்றி அது நடுநிலையாக எழுதுமா?

நல்ல குத்து. அங்கேயும் இதே இழுபறிதான். விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் தன்னைப் பற்றிய கட்டுரையில், லாரி சாங்கரை இணை நிறுவனராகக் காட்டிய இடங்களைத் தானே திருத்தியது 2005-இல் வெளியே தெரிந்து, கடுமையான விமர்சனம் வந்தது. இன்றைக்கு விக்கிப்பீடியா பற்றிய கட்டுரையில் சாங்கர் பெயரும் இருக்கிறது, விக்கிப்பீடியா மேலான விமர்சனமும் இருக்கிறது. குழுக்காரர்கள் யாராவது “எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி” என்றால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சோழவந்தானிலிருந்து ஒரு தங்கை: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. ஏஐ-யிடம் எழுதி வாங்கிப் போடட்டுமா?

போன் போதும். உலாவியில் ‘கணினிப் பார்வை’யை (டெஸ்க்டாப் சைட்) தேர்ந்தெடுத்தால் வேலை எளிது. ஏஐ எழுத்தை அப்படியே ஒட்ட வேண்டாம்மா. “முக்கியப் பங்கு வகிக்கிறது” என்று தானாகப் புகழ ஆரம்பித்துவிடும், இல்லாத நாளிதழ்ச் செய்தியையும் சான்றாக உண்டாக்கிவிடும். மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் ஐந்து வரி நீங்களே எழுதுங்கள், வரிக்கு ஒரு சான்று வையுங்கள். அப்புறம் உதவி கேட்கிற ஒத்தாசைப் பக்கத்தில் லிங்க்கைப் போட்டால் யாராவது பார்த்துச் சொல்வார்கள்.